நாலு த்ரெட், ஒரு கொன்பிக்: ஓடும்போதே மாறும் அளவுகளைப் பைதனில் பகிர்வது

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். படுவான்கரையில் வாவியோரம் உங்கள் மாமாவின் இறால் பண்ணை. நாலு குளம். ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி ஒன்றில் உங்கள் பைதன் புரோகிராம் ஓடுகிறது. குளத்துக்கு ஒரு த்ரெட் (ஒரே புரோகிராமுக்குள் மற்றவற்றோடு கூடவே ஓடும் தனி வேலை). அது தண்ணீரில் கரைந்திருக்கும் ஒட்சிசனை அளந்து, குறைந்தால் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரைப் போடும், கூடினால் நிறுத்தும். ஐந்தாவது த்ரெட் மாமாவின் போனுக்கு ஒரு பக்கம் காட்டுகிறது. எந்த அளவில் போடுவது, எந்த அளவில் நிறுத்துவது என்பதை அவர் அங்கிருந்தே மாற்றுவார். இந்த அளவுகள்தான் கொன்பிக். எல்லாம் ஒரே டிக்ஷனரியில் (ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மதிப்பு வைக்கும் பைதன் தொகுப்பு) இருக்கின்றன. உங்களுக்கு இரண்டு தொல்லை: சில நேரம் மாமா மாற்றியதை த்ரெட்கள் எடுப்பதில்லை, ஒருநாள் மாற்றிய கையோடு ஏரேட்டர் படபடவென்று போட்டு நின்று போட்டு நின்றது. "டிக்ஷனரியைத் தொடும் இடமெல்லாம் லொக் போட்டால் சரியாகுமா?" என்று கேட்கிறீர்கள்.

ஆகாது. லொக் (ஒரு த்ரெட் பிடித்திருக்கும்வரை மற்றவை காத்து நிற்க வேண்டிய பூட்டு) தேவைதான், ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் அல்ல. கொன்பிக்கை இருந்த இடத்திலேயே திருத்தாதீர்கள். மாற்றம் வரும்போதெல்லாம் முழுவதையும் புதிதாக ஒன்று செய்து, பழையதை ஒரே அடியில் மாற்றி வையுங்கள். வாசிக்கும் த்ரெட் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஒரே ஒருமுறை அதை எடுத்து, அந்தச் சுற்று முடியும்வரை அதையே வைத்துக்கொள்ளட்டும். நான் சொல்லப்போவது இவ்வளவுதான். ஏன் இப்படி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலாவது தொல்லை, மாற்றியதை எடுக்காதது. இது பெரும்பாலும் த்ரெட்டின் குற்றமே அல்ல, பைதனில் பெயர்கள் வேலை செய்யும் விதம். செட்டிங்குகளை ஒரு தனி மொடியூலில் (தனிப் பைதன் கோப்பில்) வைத்து, மற்றக் கோப்பில் "ஃப்ரொம்" போட்டு அந்தப் பெயரை மட்டும் இம்போர்ட் செய்தால், இம்போர்ட் நடந்த நேரத்தில் இருந்த மதிப்புக்கு உங்கள் கோப்பில் இன்னொரு பெயர் உண்டாகிறது. பிறகு அந்த மொடியூலில் பெயருக்குப் புதிய மதிப்பு கொடுத்தாலும் உங்கள் பெயர் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். மொடியூலை முழுதாக இம்போர்ட் செய்து, ஒவ்வொரு முறையும் புள்ளி வைத்து எடுத்தால் இந்தப் பிரச்சினை இல்லை. இரண்டாவது காரணம்: வைல் லூப்புக்கு வெளியே ஒருதரம் அளவை எடுத்து வைத்துவிட்டு, உள்ளே அதையே பாவிப்பது. மூன்றாவது: ஃபங்ஷனுக்குள் "குளோபல்" என்று சொல்லாமல் மதிப்பைக் கொடுப்பது. அது உள்ளூர் மாறி ஒன்றை உண்டாக்கிவிட்டு, ஃபங்ஷன் முடிந்ததும் காணாமல் போகும். இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். எத்தனை லொக் போட்டாலும் இவை திருந்தாது.

இரண்டாவது தொல்லைதான் உண்மையான த்ரெட் பிரச்சினை. உங்கள் கணக்கில் ஒட்சிசன் லீற்றருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போனால் ஏரேட்டரைப் போடு, 5-க்கு மேலே வந்தால் நிறுத்து. இந்த இரண்டும் சோடி. நடுவில் இருக்கும் இடைவெளிதான் ஏரேட்டரைப் போட்டு நிறுத்தும் சுவிட்சான ரிலேயைக் காப்பாற்றுகிறது. வானம் மூடிக் கிடந்த நாளில், பாசி பகலில் போதிய ஒட்சிசன் தராது என்று மாமா இரண்டையும் உயர்த்துகிறார்: போட 5.5, நிறுத்த 6.5. உங்கள் புரோகிராம் "போடு" என்பதை முதலில் மாற்றுகிறது. "நிறுத்து" இன்னும் 5-இல் நிற்கிறது. அந்த நேரம் தண்ணீரில் 5.2 இருந்தால் என்ன ஆகும்? 5.5-க்குக் கீழே, ஆகவே போடு. 5-க்கு மேலே, ஆகவே நிறுத்து. அடுத்த சுற்றும் அப்படியே. போட்டு நின்று போட்டு நின்றது இதனால்தான்.

"இரண்டு வரிகளுக்கு இடையில் எவ்வளவு நேரம் போகப்போகிறது?" என்று தோன்றும். எழுதும் பக்கத்தில் மைக்ரோசெக்கன்கள்தான். ஆனால் உங்கள் போன் பக்கம் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக "சேமி" பொத்தான் வைத்திருக்கிறது. மாமா ஒன்றை அமத்திவிட்டு மற்றதைத் தட்டச்சு செய்யும் நேரம் முழுக்கக் கொன்பிக் அரைகுறையாகவே நிற்கும். அதற்கு முதல் வேலையாக ஒரே பொத்தான் ஆக்குங்கள்.

அப்புறம் வாசிக்கும் பக்கம். இதை அநேகர் கவனிப்பதில்லை. உங்கள் த்ரெட் "போடு" அளவை எடுக்கிறது, பிறகு சென்சரைக் கேட்கிறது, சென்சர் பதில் தர இரண்டு செக்கன் எடுக்கிறது, அதன் பிறகு "நிறுத்து" அளவை எடுக்கிறது. ஆக, வாசிக்கும் த்ரெட் சோடியின் ஒரு பாதியை ஒரு நேரத்திலும் மறுபாதியை இரண்டு செக்கன் கழித்தும் பார்க்கிறது. எழுதுபவர் எவ்வளவு வேகமாக, எவ்வளவு ஒழுங்காக மாற்றினாலும், அந்த இரண்டு செக்கனுக்குள் மாற்றம் விழுந்தால் த்ரெட்டின் கையில் பழையதில் பாதி, புதியதில் பாதி.

இப்போது லொக் ஏன் உதவாது என்று விளங்கும். ஒவ்வொரு எடுப்புக்கும் தனித்தனியாக லொக் போட்டால், ஒவ்வொரு எடுப்பும் பத்திரமாக நடக்கும். இரண்டும் ஒரே காலத்தவையாக இருக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. சரி, சுற்று முழுவதற்கும் லொக்கைப் பிடித்து வைத்தால்? அது சரியான விடை தரும். ஆனால் சென்சரைப் பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு செக்கனும் மற்ற மூன்று குளத்து த்ரெட்களும் காத்து நிற்கும், மாமாவின் போன் பக்கமும் சுற்றிக்கொண்டே இருக்கும். சென்சர் வயர் கழன்று பதில் வராமலே போனால் எல்லாம் நின்றுவிடும். வெளியே உள்ள எதற்காகவேனும் காத்திருக்கும்போது, வாசிக்கும் த்ரெட்களும் கேட்கும் லொக்கைப் பிடித்திருக்கக் கூடாது என்பதை நான் கண்டிப்பாகவே சொல்வேன்.

நம் பக்கத்தில் வயல் செய்பவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவே தேவையில்லை. பெரும்போகத்துக்கு முன்னர் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் நடக்கிறது. உன்னிச்சைக் குளத்துக் கீழ் ஆனாலும், நவகிரிக்குக் கீழ் ஆனாலும், அங்கே அம்பாறையில் சேனநாயக்க சமுத்திரத்துத் தண்ணீருக்கு ஆனாலும், நீர் திறக்கும் நாள், விதைப்பு முடிக்க வேண்டிய நாள், மாடுகளை வயற்பக்கத்திலிருந்து அகற்ற வேண்டிய நாள் எல்லாம் ஒரே இருப்பில் முடிவாகின்றன. ஒரு நாளை மட்டும் தனியே தள்ளினால் மற்றவை பொருந்தாமல் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த முடிவுகளைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொரு நாளாக அழித்து அழித்துத் திருத்தினால், நடுவில் வந்து பார்த்த, வயற்காரியம் பார்க்கும் வட்டவிதானை எதைக் கொண்டுபோவார்? அதைவிட, மாற்றம் வந்தால் முழுத்தாளையும் புதிதாக அடித்து, பழைய தாளைக் கழற்றி இதை ஒட்டுவது மேல். வந்தவர் கையில் பழைய தாள் இருக்கலாம், புதிய தாள் இருக்கலாம். இரண்டும் கலந்த தாள் ஒருபோதும் இராது.

பைதனில் அந்தத் தாள்தான் உறைந்த டேட்டாகிளாஸ். டேட்டாகிளாஸ் என்பது பெயரிட்ட புலங்களில் மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் கிளாஸ், பைதன் 3.7-இலிருந்து இருக்கிறது. அதை அறிவிக்கும்போது "ஃப்ரோசன்" என்பதை உண்மை என்று கொடுத்தால், உண்டான பிறகு அதன் மதிப்பை யாராவது மாற்றப் பார்த்தால் பைதன் பிழை எழுப்பும். திருத்தம் வேண்டுமானால் அதே மொடியூலில் உள்ள "ரிப்ளேஸ்" ஃபங்ஷன், நீங்கள் சொன்ன புலங்களை மட்டும் மாற்றிப் புதிய ஒப்ஜெக்ட் ஒன்றைத் தரும். பழையது அப்படியே இருக்கும். அந்தத் தாளை ஒட்டி வைக்கும் பலகை வேறு: ஒரே ஒரு புலம் கொண்ட சாதாரண ஒப்ஜெக்ட். அதைத்தான் கீழே "பெட்டி" என்கிறேன்.

பைதன் 3-இல் மாறிப் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். ஆகவே கீழே உள்ள வரிகள், அந்தப் பெயர்களை நீங்கள் அறிவித்திருந்தால், அப்படியே ஓடும். குளத்து த்ரெட்டின் ஒரு சுற்று:

அளவு = பெட்டி.தற்போது
ஒட்சிசன் = சென்சரை_வாசி(குளம்)
ரிலேயை_முடிவுசெய்(ஒட்சிசன், அளவு.போடு, அளவு.நிறுத்து)

முதல் வரிக்குப் பிறகு "பெட்டி" என்ற சொல்லே அந்தச் சுற்றில் வரவில்லை, பாருங்கள். சென்சர் இரண்டு செக்கன் எடுக்கட்டும், இருபது செக்கன் எடுக்கட்டும். கையில் இருப்பது ஒரே தாள். லொக் எதுவும் இல்லை. சென்சருக்குப் போகும் ஃபங்ஷன்களுக்கும் பெட்டியைக் கொடுக்காமல் "அளவு" என்பதையே கொடுங்கள். பெட்டியைக் கொடுத்தால் யாரோ ஒருநாள் உள்ளே இன்னொருமுறை எடுத்துவிடுவார், பழைய வருத்தம் திரும்பி வரும்.

ஒரு பொறி இருக்கிறது. "ஃப்ரோசன்" என்பது மேல்தோலுக்கு மட்டும்தான். உறைந்த டேட்டாகிளாஸுக்குள் ஒரு லிஸ்ட் வைத்தால், அந்த லிஸ்டுக்குள் யாரும் சேர்க்கலாம், எடுக்கலாம், பைதன் தடுக்காது. லிஸ்ட்டுக்குப் பதில், உண்டான பிறகு மாற்ற முடியாத டியூப்பிள் வையுங்கள். குளத்துக்குக் குளம் அளவு வேறென்றால், குளத்தின் அளவுகளையும் தனி உறைந்த டேட்டாகிளாஸ் ஆக்கி அவற்றின் டியூப்பிளை வையுங்கள். "மேப்பிங் புரொக்ஸி" பாவிக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். அது டிக்ஷனரிக்கு முன்னால் நிற்கும் கண்ணாடி மட்டுமே. பின்னால் இருக்கும் டிக்ஷனரியை மாற்றினால் கண்ணாடியிலும் மாறித்தான் தெரியும்.

ஜிஐஎல் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே பைதன் வரிகளை ஓட்டும்படி பைதனே வைத்திருக்கும் உள் லொக்) இருக்கும்போது இவ்வளவும் எதற்கு என்ற கேள்வி எப்போதும் வரும். ஜிஐஎல் காப்பது பைதனின் உள்வேலையை, உங்கள் சோடியை அல்ல. அது ஒரு த்ரெட்டிடமிருந்து மற்றதுக்குக் கைமாறும், இயல்பாக 5 மில்லிசெக்கன் இடைவெளியில். சென்சரைக் காத்திருப்பது போன்ற வேலைகளில் அதைவிட முந்தியே கைவிடப்படும். உங்கள் இரண்டு வரிகளுக்கு நடுவிலும் அது கைமாறலாம். பெட்டியில் ஒரு பெயரைப் புதிய ஒப்ஜெக்டுக்குத் திருப்புவது மட்டும் ஒரே அடியில் நடக்கும்; பார்ப்பவருக்குப் பழையதோ புதியதோ முழுதாகவே கிடைக்கும். 2024 ஒக்டோபரில் வந்த பைதன் 3.13-இல் ஜிஐஎல் இல்லாத வடிவம் சோதனையாக வெளிவந்தது. 2025 ஒக்டோபரின் 3.14-இல், விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலையில், அதற்கு முறையான ஆதரவு வந்துவிட்டது. தாளை மாற்றி ஒட்டும் இந்த முறை அங்கேயும் அப்படியே நிற்கும். "ஜிஐஎல் பார்த்துக்கொள்ளும்" என்று எழுதிய புரோகிராம்கள்தான் அங்கே அடிபடும்.

இனி லொக் தேவைப்படும் இடம். எழுதுபவர்கள் ஒருவருக்கு மேல் இருந்தால் தேவை. உங்களிடம் மாமாவின் போன் பக்கம் இருக்கிறது, இரவுக்கென்று அளவைத் தானாக உயர்த்தும் த்ரெட்டும் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் பழைய தாளை எடுத்து, ஆளுக்கொரு திருத்தம் செய்து, ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினால் முதலில் ஒட்டியவரின் திருத்தம் தடமில்லாமல் போய்விடும். ஆகவே எடுப்பது முதல் ஒட்டுவது வரை எழுதுபவர்களுக்கு மட்டும் ஒரு லொக். கீழே உள்ள ஐந்து வரிகளும் அந்த லொக்கின் "வித்" பகுதிக்குள் இருக்க வேண்டும் ("மாற்று" என்பது ரிப்ளேஸ் ஃபங்ஷனுக்கு இம்போர்ட் செய்யும்போது வைத்த பெயர்):

பழையது = பெட்டி.தற்போது
புதியது = மாற்று(பழையது, போடு=5.5, நிறுத்து=6.5)
சரிபார்(புதியது)
கோப்பில்_எழுது(புதியது)
பெட்டி.தற்போது = புதியது

வரிசை முக்கியம். "சரிபார்" பிழை எழுப்பினால் கீழே எதுவும் நடக்காது, த்ரெட்கள் பழைய தாளிலேயே ஓடும். அதில் என்ன பார்க்க வேண்டும்? நிறுத்தும் அளவு போடும் அளவைவிடக் கூட இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பிறகு, மாமா 5.5 என்று நினைத்து 55 என்று அமத்தினால் தண்ணீர் ஒருபோதும் அந்த அளவுக்குப் போகாது, ஏரேட்டர் இரவு பகலாக ஓடி மின்கட்டணம் ஏறும். 10-க்கு மேல் எதையும் ஏற்காதீர்கள்.

கோப்பில் எழுதுவதைப் பற்றி ஒரு அனுபவம் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன்னர் அம்பாறைப் பக்கம் ஒரு அரிசி ஆலைக்கு நெல் உலர்த்தியைப் பார்க்கும் புரோகிராம் எழுதினேன். ஈரப்பதன் 14 வீதத்துக்கு இறங்கியதும் நிறுத்த வேண்டும். அளவை மாற்றும்போது கொன்பிக் கோப்பை நேரடியாகத் திறந்து எழுதினேன். எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் போனது. கோப்பில் பாதிதான் விழுந்திருந்தது. மின்சாரம் வந்தபோது புரோகிராம் அதை வாசிக்க முடியாமல் நின்றுவிட்டது. மாரி நேரம், ஈர நெல் மூட்டைகள் காத்துக் கிடந்தன. அந்த மனிதரின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து நான் செய்வது: அதே அடைவில் தற்காலிகக் கோப்பு ஒன்றில் முழுவதையும் எழுதி, ஃப்ளஷ் செய்து, "எஃப்சிங்க்" அழைத்து டிஸ்க்கில் விழுந்ததை உறுதிசெய்து, பிறகு ஓஎஸ் மொடியூலின் "ரிப்ளேஸ்" ஃபங்ஷனால் பழைய கோப்பின் பெயருக்கு மாற்றுவது. லினக்ஸில் அந்தப் பெயர் மாற்றம் ஒரே அடியில் நடக்கும். மெமரியில் தாளை மாற்றி ஒட்டிய அதே யோசனைதான் டிஸ்க்கிலும். எஃப்சிங்க் கொஞ்சம் மெதுவானது; வாசிக்கும் த்ரெட்கள் லொக்கைத் தொடுவதே இல்லை என்பதால் அவர்களுக்கு அதனால் பாதிப்பு இல்லை.

அடுத்தது தூக்கம். உங்கள் த்ரெட்கள் சுற்றுக்கொருமுறை பத்து நிமிடம் "ஸ்லீப்" செய்கின்றன. மாமா மாற்றினாலும் பத்து நிமிடம் போன பிறகுதான் எடுபடும். "எடுக்கவில்லை" என்று அவர் சொன்னதில் ஒரு பங்கு இதுவாகவும் இருக்கலாம். ஸ்லீப்புக்குப் பதிலாக த்ரெடிங் மொடியூலின் ஈவென்ட்டில் (ஒரு த்ரெட்டை மற்றது எழுப்பும் அறிவிப்புக் கொடி) பத்து நிமிடக் கெடுவுடன் "வெயிட்" செய்யுங்கள். மாற்றம் வந்ததும் ஈவென்ட்டை "செட்" செய்தால் உடனே எழும்பும்.

நாலு த்ரெட்டுக்கும் ஒரே ஈவென்ட்டை வைத்துவிடாதீர்கள். முதலில் எழும்பிய த்ரெட் ஈவென்ட்டை "கிளியர்" செய்துவிட்டால், அந்த நேரம் சென்சரோடு இருந்த மற்ற த்ரெட் அதைக் காணாமலே போகும். த்ரெட்டுக்கு ஒரு ஈவென்ட் கொடுத்து, தாளை ஒட்டிய பிறகு எல்லாவற்றையும் ஒரு லூப்பில் செட் செய்யுங்கள். எழும்பிய த்ரெட் முதலில் தன் ஈவென்ட்டைக் கிளியர் செய்ய வேண்டும், பிறகுதான் தாளை எடுக்க வேண்டும். மாறிச் செய்தால், தாளை எடுத்ததற்கும் கிளியர் செய்ததற்கும் நடுவில் வந்த மாற்றத்தின் அறிவிப்பு அழிந்துபோகும். த்ரெட் பழைய தாளோடு பத்து நிமிடம் தூங்கும். சரியான வரிசையில் செய்தால் கூடிப்போனால் ஒரு சுற்று வீணாக ஓடும், அவ்வளவுதான்.

கியூ (போட்ட ஒழுங்கிலேயே ஒவ்வொன்றாக எடுக்கும் வரிசை) பாவித்தால் என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். கியூ கட்டளைக்கு நல்லது. "மூன்றாம் குளத்து ஏரேட்டரை இப்போது பத்து நிமிடம் ஓட்டு" என்பது கட்டளை. ஒன்றையும் தவறவிடக் கூடாது, வரிசை மாறக் கூடாது. கொன்பிக் அப்படியல்ல, அது நிலை. மாமா மூன்றுதரம் மாற்றியிருந்தால் கடைசியாக மாற்றியது மட்டுமே வேண்டும். அதற்குப் பெட்டிதான் பொருத்தம்.

பிற்காலத்தில் அந்தப் போன் பக்கத்தை கியூனிகோர்ன் போன்ற வெப் சேர்வர் ஒன்றில் பல வேர்க்கர்களோடு ஓட்ட நினைத்தால் இது எதுவும் போதாது. அங்கே ஒவ்வொரு வேர்க்கரும் தனி புரொசெஸ், தனி மெமரி. ஒன்றில் ஒட்டிய தாள் மற்றதுக்குத் தெரியாது. அப்போது எஸ்கியூலைட் என்ற தரவுத்தளம் போன்ற பொது இடத்தில் கொன்பிக்கை வைத்து, மாறியிருக்கிறதா என்று ஒரு த்ரெட் பார்த்து, அந்தந்த புரொசெஸின் பெட்டியில் ஒட்ட வேண்டும். நாலு குளத்துக்கு ஒரே புரொசெஸ் தாராளம்.

மாற்றி எழுதிய பிறகு சும்மா ஓட்டிப் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று விடாதீர்கள். இந்த வகைப் பிழை நூறு தடவை ஒளிந்துவிட்டு நூற்றோராவது தடவை வரும். வேண்டுமென்றே வெளியே இழுக்க வேண்டும். பழைய புரோகிராமில் "போடு", "நிறுத்து" இரண்டையும் மாற்றும் வரிகளுக்கு நடுவில் ஐந்து செக்கன் ஸ்லீப் வைத்து, சென்சருக்குப் பதில் எப்போதும் 5.2 தரும் ஃபங்ஷன் ஒன்றைக் கொடுங்கள்: சுற்று இடைவெளியையும் ஒரு செக்கனாகக் குறைத்தால் அந்தப் படபடப்பு கண்முன்னே வரும். புதியதில் அதே ஸ்லீப்பை "மாற்று" வரிக்கும் கடைசி வரிக்கும் நடுவில் வையுங்கள். ஐந்து செக்கனும் த்ரெட்கள் பழைய தாளில் அமைதியாக ஓடி, பிறகு புதியதுக்கு மாற வேண்டும். இந்தச் சோதனையை ரிலேயில் ஏரேட்டரை மாட்டி வைத்துச் செய்யாதீர்கள், ஒரு பல்பை மாட்டிச் செய்யுங்கள். உண்மையான குளத்தில் மாற்றுவதும் பகலிலேயே நடக்கட்டும். விடியப்புறம்தான் ஒட்சிசன் ஆகக் குறைவாக இருக்கும் நேரம், அப்போது புரோகிராம் ஒரு மணித்தியாலம் நின்றாலும் இறால் தாங்காது.